பலமான சொற்கள் வேண்டும்

“எனக்கு ஸ்ட்ராங் வேர்ட்ஸ் வேணும். பலமான வார்த்தைகள். நீங்க சொல்லித் தரணும்.”

மிஸஸ் லின் இப்படிக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எழுபதைத் தாண்டிய பெண்மணி. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமே ‘சாரி’ கேட்கிற ரகம். இவர் யாரைத் திட்டப் போகிறார்?

ஆஸ்திரேலியாவில், கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் ஓர் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடக்கிறது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது பழக்கம்தான். வகுப்பு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஒரு கெட்டில், கொஞ்சம் பிஸ்கட்… அவ்வளவுதான். நான் அங்கே சம்பளமில்லாத டீச்சர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சீனாவிலிருந்து வந்து, பேரக்குழந்தைகள் வளர்ந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்கள்.

ஈஸ்வரி அன்ரி மட்டும் யாழ்ப்பாணம். அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகவே வரும். பொழுது போக வருகிறார். கெட்டில் அவர் பொறுப்பு. வகுப்பில் யார் என்ன பேசினாலும் கருத்துச் சொல்வதும் அவர் பொறுப்பு.

மிஸஸ் லின்னுக்கு யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை. தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. (அவரும் நானும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழாக்கித் தருகிறேன்.)

அவருடைய கணவருக்குச் சில வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் ஏறத்தாழப் போய்விட்டது. குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது… எல்லாம் மிஸஸ் லின்தான். கணவர் நல்ல உயரம். இவர் என் தோளுக்கு வருவார்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு அரசாங்கச் செலவில் உதவிக்கு ஆள் அனுப்புவார்கள். அதற்கு முன் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, கேள்விகள் கேட்டு, எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிடுவார். அசெஸ்மென்ட். மிஸஸ் லின் வீட்டுக்கும் ஒரு தடவை வந்திருக்கிறார்கள்.

“என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

“வெரி பிஸி, வெரி டயர்ட்னு சொன்னேன். பரவாயில்லன்னும் சொன்னேன்.”

முதல் நாளே வீடு முழுக்கத் துடைத்திருக்கிறார். கணவருக்கு ஷேவ் செய்து, புது வருஷத்துக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டிருக்கிறார். ஆரஞ்சு உரித்துத் தட்டில் அடுக்கி, டீ போட்டு… வந்த அதிகாரி சந்தோஷமாகக் குடித்துவிட்டுப் போனார்.

கிடைத்த உதவி என்ன தெரியுமா? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓர் ஆள் வந்து வீட்டை வாக்யூம் செய்துவிட்டுப் போவார். ஏற்கனவே பளபளக்கிற வீட்டை!

அந்த அதிகாரியைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் கண்ணால் பார்த்ததை எழுதினார். காதால் கேட்டதை எழுதினார்.

இங்கே ஈஸ்வரி அன்ரி கெட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

“இதென்ன புதினம்? எங்கட வீட்டிலயும் இதுதானே நடந்தது. என்ர மனிசன் உயிரோட இருக்கேக்கை ஒருக்கா பார்க்க வந்தவை. நான் வீடு கூட்டித் துடைச்சு, ரோல்ஸும் பொரிச்சு வச்சனான். பெல் அடிச்சதுதான்… கிழமைக்கணக்கா கட்டிலை விட்டு எழும்பாத மனிசன், சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வாசலுக்குப் போய் ‘வெல்கம், வெல்கம்’ எண்டு நிக்கிறார். ஆள் வந்திருக்கு, படுத்துக் கிடந்தா மரியாதை இல்லையாம். பிறகு என்ன? வந்த பிள்ளை ‘ஹி இஸ் டூயிங் வெரி வெல்’ எண்டு எழுதிக்கொண்டு போட்டுது.”

அன்ரி தமிழில் சொன்னதை நான் மிஸஸ் லின்னுக்கு மொழிபெயர்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு இருந்த பயம் வேறு. மகள் சிட்னியில், கெல்லிவில்லில் இருக்கிறாள். போன தடவை வந்தபோது அம்மா ஒரு கையால் தலை சீவுவதைப் பார்த்திருக்கிறாள். இன்னொரு தோள் மேலே போகவில்லை. அன்றே சொல்லிவிட்டாள். மறுபடியும் அசெஸ்மென்ட் கேட்போம், அப்போதும் உதவி கூடவில்லை என்றால் அப்பாவை நர்சிங் ஹோமில் சேர்ப்போம். மகள் மேலும் தப்பில்லை. ஒருவருக்காக இரண்டு பேரையும் இழக்க முடியாது என்று அழுதிருக்கிறாள்.

“அங்க நல்லாத்தான் பார்த்துப்பாங்க,” என்றார் மிஸஸ் லின். “ஆனா இவர் சொல்றது யாருக்குப் புரியும்? எனக்கு அவர் கண்ணைப் பார்த்தா போதும். அங்க யார் கண்ணைப் பார்ப்பாங்க?”

அதனால்தான் பலமான சொற்கள். மதிப்பிட வருபவர் காதில் நன்றாக விழுகிற மாதிரி சொற்கள்.

இந்த ‘வெரி’யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சீன மாணவர்கள் எல்லாவற்றுக்கும் வெரி போடுவார்கள். வெரி ஹாப்பி, வெரி டெலிஷியஸ், வெரி வெரி தேங்க்யூ. அவர்கள் மொழியில் வெறுமனே ‘நல்லது’ என்றால் வாக்கியம் பாதியில் நிற்கிற மாதிரி இருக்குமாம். அதனால் கூடவே ஒரு ‘வெரி’ ஒட்டிக்கொண்டே வருமாம். வகுப்புக்கு வரும் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் சொன்னார். எப்போதும் கூட இருக்கும் சொல்லுக்கு என்ன மதிப்பு? நம் ‘ரொம்ப’ மட்டும் என்ன வாழ்கிறது? ரொம்ப நன்றி, ரொம்ப சந்தோஷம், ரொம்ப நாளாச்சு… யாழ்ப்பாணத்தாருக்கு ‘சரியான’. சரியான குளிர், சரியான விலை.

ஆஸ்திரேலியர்கள் நேர் எதிர். நாற்பது டிகிரி கொளுத்தும்போது என் பக்கத்து வீட்டுக்காரர் ‘பிட் வார்ம்’ என்பார். புயலில் அவர் வீட்டு வேலி சாய்ந்து என் கார் மேல் கிடந்தபோது ‘பிட் விண்டி லாஸ்ட் நைட்’ என்றார். ஆனால் ஒன்று… ஓர் ஆஸ்திரேலியர் ‘பிட்’ என்றால் எவ்வளவு என்று இன்னொரு ஆஸ்திரேலியருக்குக் கணக்குத் தெரியும். நாம் கொஞ்சம் என்றால்? கொஞ்சம் என்றே எழுதிக்கொள்வார்கள்.

ஆக, மிஸஸ் லின்னைத் தயார் செய்ய நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன்.

வெறும் டயர்ட் வேண்டாம், எக்ஸாஸ்டெட். அதற்கு முன்னால் வெரி போடக் கூடாது, அப்சொல்யூட்லி போட வேண்டும். தூக்குவது எக்ஸ்ட்ரீம்லி டிஃபிகல்ட். இரவில் நான் ஹார்ட்லி தூங்குகிறேன். தோள் ரியலி, ரியலி வலிக்கிறது… ஒவ்வொன்றையும் எங்கே அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நல்ல மாணவி. உச்சரிப்பு சுத்தமாக வந்தது.

ஒரே ஒரு பிரச்சினை. ‘ஐ ஆம் அப்சொல்யூட்லி எக்ஸாஸ்டெட்’ என்பதை அவர் குட்மார்னிங் சொல்வது போலப் புன்னகையோடு சொன்னார்.

“சிரிக்காம சொல்லுங்க.”

“சிரிக்காம சொன்னா கேக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே?”

நம் வீடுகளிலும் இதுதானே? காய்ச்சலோடு அடுப்படியில் நிற்பவரிடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ‘ஒண்ணுமில்ல, லேசா உடம்பு சூடு’ என்ற பதில்தான் வரும். கேட்டவர் மனம் நோகக் கூடாது. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது. இதைக் கற்றுக்கொண்ட வாய்க்கு எக்ஸ்ட்ரீம்லியைப் பழக்குவது சுலபமில்லை.

“வீட்டைத் துடைக்காதேங்கோ,” என்று அசெஸ்மென்ட்டுக்கு முந்தைய வகுப்பில் ஈஸ்வரி அன்ரி மிஸஸ் லின்னின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். “குசினியில பாத்திரம் கிடக்கட்டும். அவருக்குச் சவரம் எடுக்காதேங்கோ. கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும்.”

மிஸஸ் லின் பணிவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

குறித்த செவ்வாய்க்கிழமை காலை நானும் போனேன். கூட ஆள் இருக்கலாம் என்று அனுமதி உண்டு. நான் வார்த்தையை மறந்தால் எடுத்துக் கொடுங்கள் என்று மிஸஸ் லின் கேட்டிருந்தார்.

கதவு திறந்ததும் ஃப்ளோர் க்ளீனர் வாசனை. தரையில் முகம் பார்க்கலாம். ஹாலில் மிஸ்டர் லின் நீலச் சட்டையில், தண்ணீர் தொட்டு வாரிய தலையோடு, சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாடை வழவழவென்று இருந்தது. டீப்பாயில் ஆரஞ்சு.

நான் மிஸஸ் லின்னை முறைத்தேன்.

“ஆள் வர்றாங்களே,” என்றார் மெதுவாக. “இவரை எப்படி அப்படியே உட்கார வைக்கறது?”

வந்தவர் பெயர் ரோஸ். ஐம்பது வயது இருக்கும். வாசலில் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே ஷூவைக் கழற்றினார். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார்.

குளிப்பதெல்லாம் எப்படி?

“நான் கொஞ்சம் ஹெல்ப் பண்றேன்.”

படுக்கையிலிருந்து எழுப்புவது?

“கொஞ்சம் கஷ்டம்.”

இரவில் தூங்க முடிகிறதா?

“ஓகே.”

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

“ஓகே. பரவாயில்ல.” கூடவே அந்தப் புன்னகை.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணால் ஜாடை காட்டினேன். தொண்டையைச் செருமினேன். எத்தனை சனிக்கிழமை தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்… ஓர் அப்சொல்யூட்லி? ஒரு ரியலி? ஒன்றைக்கூடக் காணோம். ரோஸின் விரல்கள் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தன. ‘கொஞ்சம்’, ‘ஓகே’, ‘பரவாயில்லை’ எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்த மனிதர் நர்சிங் ஹோமுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“ஆக்சுவலி,” என்று நானே வாயைத் திறந்தேன். “இவங்க நிஜமா சொல்ல வர்றது என்னன்னா…”

மிஸஸ் லின்னின் கை என் முழங்கையைப் பிடித்தது. அழுத்தியது. அந்தச் சின்னக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்னை அவர் பார்க்கவேயில்லை. பார்த்தது கணவரை.

மிஸ்டர் லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஸ்டர் லின் பாலங்கள் கட்டிய இன்ஜினியர். வெளிநாட்டு இன்ஜினியர்களோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். வீட்டில் நல்ல ஆங்கிலம் அவருடையதுதான் என்று மிஸஸ் லின்னே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பக்கவாதம் வாயைத்தான் எடுத்துக்கொண்டது. காதை விட்டுவிட்டது. அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது.

நான் சொல்லிக் கொடுத்த அத்தனை பலமான சொற்களும் யார் மேல் விழும்? தூக்குவது எக்ஸ்ட்ரீம்லி கஷ்டம்… யாரைத் தூக்குவது? அப்சொல்யூட்லி எக்ஸாஸ்டெட்… யாரால்? ஒரு மனைவி தன் கணவன் முன்னால் உட்கார்ந்து, நீ எனக்கு எவ்வளவு பெரிய பாரம் என்று வெளியாளிடம் விதவிதமான சொற்களில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான் வகுப்பெடுத்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டேன்.

ரோஸ் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார். மிஸஸ் லின்னின் கையைப் பார்த்தார். மிஸ்டர் லின்னின் குனிந்த தலையைப் பார்த்தார். லேப்டாப்பை மூடினார்.

“ஒரு டீ கிடைக்குமா?” என்றார். “வாங்க, நானும் கூட வர்றேன்.”

இரண்டு பேரும் அடுப்படிக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே என்ன பேசினார்கள் என்று மிஸஸ் லின் எனக்குப் பிறகுதான் சொன்னார். ரோஸ் கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாராம். மிஸஸ் லின்னும் சொல்லியிருக்கிறார். படுக்கை நனைந்திருந்தது. மாற்றினேன். குளிப்பாட்டினேன். ஊட்டினேன். போன மாதம் ஒரு நாள் தூக்கும்போது இரண்டு பேரும் விழுந்துவிட்டோம். என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. அவர் அழுதார். அவர் பயப்படக் கூடாது என்று நான் சிரித்தேன். ஒரு போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் தரையிலேயே படுத்திருந்தோம். தபால்காரர் வந்தபோது கூப்பிட்டேன். மகளிடம் சொல்லவில்லை.

இதில் எங்கேயாவது ஒரு வெரி இருக்கிறதா? கேட்ட எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. ஹாலில் நானும் மிஸ்டர் லின்னும் மட்டும். அவரிடம் என்ன பேசுவது? வெளியே கொஞ்சம் குளிர் என்றேன். அவர் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

திரும்பி வந்த ரோஸின் கண் சிவந்திருந்தது. சோபாவுக்குப் போகாமல், ஒரு முக்காலியை இழுத்து மிஸ்டர் லின்னின் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“மிஸ்டர் லின், நான் எல்லாத்தையும் உங்க மனைவிகிட்டயே கேட்டேன். உங்களைக் கேட்கவில்லை. மன்னிக்கணும். உங்களுக்கு என்ன உதவி வேணும்?”

அடுப்படி வாசலில் நின்ற மிஸஸ் லின் வழக்கம்போல அவருக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். ரோஸ் மெதுவாகக் கையை உயர்த்தினார். காத்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்களுக்குக் கூசும் அளவுக்கு நேரம். மிஸ்டர் லின்னின் நல்ல கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. உதடு கோணியது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மறுபடியும் முயன்றார். நெற்றியில் வியர்வை. நான் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று துடித்தேன். ரோஸ் அசையவில்லை.

“வைஃப்…”

மூச்சு வாங்கினார்.

“வைஃப்… நோ… ஸ்லீப்.”

தன்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரோஸ் லேப்டாப்பைத் திறந்து, அதை மட்டும் எழுதினார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். அவர் தலையசைத்தார்.

முடிவு போன வாரம் வந்தது. இனி தினமும் காலையில் ஓர் ஆள் வந்து தூக்கிக் குளிப்பாட்டி உட்கார வைப்பார். வாரத்தில் சில இரவுகளுக்கும் ஆள் வரும். மகள் நர்சிங் ஹோம் பேச்சை விட்டுவிட்டாள். முதல் இரவு ஆள் வந்தபோது மிஸஸ் லின் தூங்கினாரா என்று கேட்டேன். வருகிறவருக்காக வீட்டைத் துடைத்துவிட்டுத் தூங்கினாராம்.

சொற்களை நான் குறை சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமையும் எக்ஸ்ட்ரீம்லிக்கும் அப்சொல்யூட்லிக்கும் வித்தியாசம் சொல்லித்தான் தருவேன். டாக்டரிடமும் போலீஸிடமும் அவை தேவைப்படும். ஆனால் சொல்ல முடியாத இடம் என்று ஒன்று உண்டு. அங்கே கேட்கிறவர்தான் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும், முக்காலியை இழுத்துப் போட வேண்டும், வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு யாராவது வகுப்பெடுத்தால் முதல் ஆளாக நான் போய் உட்காருவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ரோஸ் கிளம்பிய பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்த மிஸஸ் லின் நேராகக் கணவர் முன்னால் போய் நின்றார். இடுப்பில் கை. பிறகு அவர் மொழியில் ஆரம்பித்தார் பாருங்கள்… மழை மாதிரி. கிசுகிசுப்புக்கு மேல் அவர் குரலை நான் கேட்டதே கிடையாது. விரலை நீட்டி நீட்டித் திட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மிஸ்டர் லின் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வாயின் நல்ல பக்கம் மட்டும் லேசாக மேலே போயிருந்தது.

நான் பயந்துபோய், அவரை ஏன் இப்படித் திட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

மிஸஸ் லின் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பின்ன என்ன? இவருக்கு வாய் ரொம்ப நீளம்.”